அக்டோபரில் வேண்டாம், தை மாதத்தில் பேசுங்கள்

ஆப்பிரிக்காவின் பசியைப் பாடும் கவிஞர்களுக்கும், வறுமையைக் கண்டித்து எழுதும் எழுத்தாளர்களுக்கும், அவற்றை அச்சிடும் இதழாசிரியர்களுக்கும்,

அக்டோபர் 17 சர்வதேச வறுமை ஒழிப்பு நாள். ஆண்டுதோறும் அந்த வாரம் வந்தால் கவியரங்கம் கூடுகிறது, சிறப்பிதழ் வருகிறது, விலா எலும்பு தெரியும் குழந்தை ஒன்று அட்டைப்படத்தில் ஏறுகிறது. நவம்பர் பிறந்ததும் எல்லாம் ஓய்ந்துவிடுகிறது. நீங்கள் பேசுவதை நாங்கள் குறை சொல்லவில்லை. பேசும் மாதம் தவறு; யாரைப் பார்த்துப் பேசுகிறீர்கள் என்பதும் தவறு. இரண்டும் சேர்ந்து உங்கள் சொற்களை விழலுக்கு இறைத்த நீராக்கிவிடுகின்றன. இதுவே எங்கள் முறையீடு.

2025இல் நடந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 20 அன்று அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது. பஞ்சம் வருமுன் எச்சரிப்பதற்கென்றே 1985இல் தொடங்கப்பட்ட ஃபியூஸ் நெட் என்ற கண்காணிப்பு அமைப்பின் இணையதளம் அந்த மாத இறுதியிலேயே முடங்கியது. பிப்ரவரியில், போருக்கு நடுவே ஊர்க்காரர்களே நடத்திவந்த சமூகச் சமையற்கூடங்கள் சூடான் முழுவதும் ஆயிரத்துக்கும் மேல் மூடப்பட்டன. அதே பிப்ரவரியில் பிரிட்டன், தன் தேசிய வருமானத்தில் உதவிக்கு ஒதுக்கும் பங்கை 0.5 விழுக்காட்டிலிருந்து 2027க்குள் 0.3 ஆகக் குறைப்பதாக அறிவித்தது, 2021இல்தான் 0.7இலிருந்து 0.5க்கு இறக்கியிருந்தார்கள். ஜூலையில், வடகிழக்கு நைஜீரியாவில் கையிருப்பு தீர்ந்துவிட்டது என்றது உலக உணவுத் திட்டம். போர்னோ, யோபே மாநிலங்களில் 150க்கும் மேற்பட்ட ஊட்டச்சத்து மையங்கள் மூடப்படும், இரண்டு வயதுக்குட்பட்ட மூன்று லட்சம் குழந்தைகளுக்குச் சிகிச்சை நின்றுபோகும் என்று அது சொன்னது.

ஜனவரிக்கும் ஜூலைக்கும் இடையே நம் இலக்கிய மேடைகளிலும் இதழ்களிலும் இதைப் பற்றி எழுந்த குரல் எங்கள் காதுக்கு எட்டவில்லை. அக்டோபர் வந்தது. வானம் பொய்த்தது, நிலம் வெடித்தது, தாயின் மார்பு வற்றியது என்று கவிதைகள் வந்தன. ஜனவரி 20 எதிலும் இல்லை.

சாகேல் என்று சொல்லப்படும் பகுதியில், அதாவது மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர், சாட், வட நைஜீரியா போன்ற இடங்களில், பசிக்கு நாள் குறித்தாற்போல ஒரு நாட்காட்டி உண்டு. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை ஒரே ஒரு மழைக்காலம். கம்பும் சோளமும் செப்டம்பர், அக்டோபரில் அறுவடை. நீங்கள் அழும் அக்டோபர் 17 அன்று அங்கே குதிர்களில் புதுத் தானியம் இருக்கும். அறுத்த கையோடு பழைய கடனை அடைக்க அதில் ஒரு பங்கை விற்பார்கள். ஊரே ஒரே நேரத்தில் விற்பதால் விலை அடிமட்டத்தில் கிடக்கும். மீதி ஏப்ரல், மே வரை தாங்கும். ஜூனில் குதிர் காலி. அன்று குறைந்த விலைக்கு விற்ற அதே கம்பை இப்போது உச்ச விலைக்கு வாங்கவேண்டும். வாங்கக் காசுக்கு ஆட்டை விற்கலாம் என்றால், கோடையில் மேய்ச்சல் இல்லாமல் மெலிந்த ஆட்டுக்கு விலை இல்லை. ஒரு ஆட்டுக்கு எத்தனை மரக்கால் கம்பு கிடைக்கும் என்ற கணக்குதான் அங்கே ஒரு குடும்பத்தின் உயிர்க்கணக்கு. இதே மாதங்களில்தான் உழவும் களையெடுப்பும். தாய் நாள் முழுவதும் காட்டில். கொசு பெருகி மலேரியா, ஊற்றுநீர் கலங்கி வயிற்றுப்போக்கு, மழையில் சாலை துண்டிப்பு எல்லாம் இதே மாதங்களில். சிகிச்சை மையங்களில் குழந்தைகள் குவிவது ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை.

இதில் எதுவும் திடீரென்று வருவதில்லை. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளும் ஐ.நா. அமைப்புகளும் சேர்ந்து ஆண்டுக்கு இருமுறை, அறுவடை முடிந்ததும் ஒரு முறை, மார்ச் வாக்கில் ஒரு முறை, உணவு நிலையைக் கணித்து வெளியிடுகின்றன. ‘காத்ர் ஆர்மோனிசே’ என்று அதற்குப் பெயர். வரும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை எந்த மாவட்டத்தில் எத்தனை பேர் பசியில் இருப்பார்கள் என்ற எண் டிசம்பரிலேயே மேசைக்கு வந்துவிடுகிறது. (மலாவி, சாம்பியா பக்கம் நாட்காட்டியே வேறு. அங்கே அறுவடை ஏப்ரலில். பசி மாதங்கள் டிசம்பர் முதல் மார்ச் வரை. ஐம்பத்து நான்கு நாடுகளுக்கு ஒரே தேதியில் ஒரே கவிதை என்றால் இப்படித்தான் ஆகும்.)

எண் தெரிந்த டிசம்பருக்கும் குழந்தை மையத்துக்கு வரும் ஜூலைக்கும் நடுவில் என்னென்ன நடக்கவேண்டும் என்று பாருங்கள்.

கடும் ஊட்டச்சத்துக் குறைவுக்கான மருந்து ஒரு கடலைப் பசை. நிலக்கடலை அரைப்பு, பால் பொடி, சர்க்கரை, தாவர எண்ணெய், உயிர்ச்சத்து-தாதுக் கலவை, இவ்வளவுதான். 1996இல் பிரான்ஸில் ஆந்த்ரே பிரியாந்த் என்ற குழந்தை ஊட்டச்சத்து மருத்துவரும், மிஷெல் லெஸ்கான் என்ற உணவு உற்பத்தியாளரும் உருவாக்கினார்கள். 92 கிராம் பாக்கெட், 500 கலோரி. அதில் தண்ணீர் இல்லை; அதனால் கிருமி வளராது, குளிர்பெட்டி வேண்டாம், அடுப்பு வேண்டாம், வீட்டிலேயே கொடுக்கலாம். அதற்கு முன்பு வரை இந்தக் குழந்தைகளை வாரக்கணக்கில் மருத்துவமனையில் வைத்துப் பாலூட்டவேண்டியிருந்தது. தாய் வயலையும் மற்ற பிள்ளைகளையும் விட்டுவிட்டு அங்கேயே கிடக்கவேண்டும். முடியாதவர்கள் பாதியில் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

மையத்தில் நடப்பது இது. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் இடது மேற்கை. தோளுக்கும் முழங்கைக்கும் சரிபாதி இடத்தைக் குறித்து, கையைத் தொங்கவிட்டு, ஒரு வண்ண நாடாவைச் சுற்றுவார்கள். இறுக்கினாலும் தவறு, தளர்த்தினாலும் தவறு. 125 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பச்சை. 115க்குக் கீழே சிவப்பு. பிறகு இரண்டு பாதத்தையும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்தி எடுப்பார்கள். இரண்டிலும் குழி நின்றால் உடம்பில் நீர் கோத்திருக்கிறது, கை பருமனாகத் தெரிந்தாலும் அது கடும் நிலைதான். அடுத்தது பசிச் சோதனை. ஒரு பாக்கெட்டைத் தாயின் கையில் கொடுத்து, வற்புறுத்தாமல் ஊட்டச் சொல்லி, பக்கத்தில் குடிநீர் வைத்துவிட்டுக் கவனிப்பார்கள். குழந்தை நக்கிச் சாப்பிட்டால் வீட்டுக்கு அனுப்பலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டால்தான் அபாயம். உடம்பின் உள்ளியக்கம் நின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம், உடனே படுக்கை.

“ஒரு பிடி சோறு போதுமே” என்று பாடுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்கவேண்டும். அந்த நிலையில் இருக்கும் குழந்தைக்கு வயிறு நிறையச் சோறு ஊட்டினால் அது சாகக்கூடும். இதயமும் சிறுநீரகமும் குறைந்த கதியில் ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று வரும் உணவை அவற்றால் சமாளிக்க முடியாது. ஆகவே முதல் சில நாட்கள் எஃப்-75 என்ற மெலிந்த பால், 100 மில்லிக்கு 75 கலோரி, இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை, இரவிலும். இரவு ஊட்டல் தவறினால் சர்க்கரை இறங்கி, உடம்பு சில்லிட்டு, விடிவதற்குள் போய்விடும் குழந்தைகள் உண்டு. நிலை தேறிய பிறகே பசை.

ஐந்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு நாளைக்குச் சுமார் இரண்டு பாக்கெட். ஆறிலிருந்து எட்டு வாரம். ஒரு பெட்டியில் 150 பாக்கெட். ஏறத்தாழ ஒரு குழந்தைக்கு ஒரு பெட்டி, விலை ஐம்பது டாலர் வாக்கில். வாராவாரம் தாய் வந்து பங்கை வாங்கிச் செல்லவேண்டும். அடுத்தடுத்து இரண்டு தடவை நாடா 125ஐத் தொட்டால் விடுதலை.

எங்கே கெடுகிறது? பெரும்பாலும் பசையில் இல்லை, பசைக்கு வெளியே. குடும்பத்துக்கான தானியப் பங்கை முதலில் வெட்டுவார்கள், “குழந்தைகளின் சிகிச்சையில் கைவைக்கவில்லை” என்று அறிக்கை விடுவார்கள். வீட்டில் நான்கு பிள்ளைகள் பட்டினியாக இருக்கும்போது எந்தத் தாய் ஒரு பிள்ளைக்கு மட்டும் பாக்கெட்டைப் பிரிப்பாள்? பசை நான்காகப் பிரியும், நோயாளிக் குழந்தையின் எடை ஏறாது, அட்டையில் ‘பலன் இல்லை’ என்று எழுதுவார்கள். அடுத்தது இருப்புத் தட்டுப்பாடு. காலையில் புறப்பட்டு வெயிலில் நடந்து வந்தவளிடம் ஒரு வாரம் ‘இல்லை’ என்று சொன்னால் அவள் மறுவாரம் வரமாட்டாள். சரக்கு வந்த பிறகும் வரமாட்டாள்.

தட்டுப்பாடு ஏன் வருகிறது? பசை நினைத்த மாத்திரத்தில் கிடைக்கும் சரக்கு அல்ல. கடலையும் பால் பொடியும் கொள்முதல் செய்து, அரைத்து, ஒவ்வொரு தொகுதியையும் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சுக்கும் சால்மொனெல்லா கிருமிக்கும் சோதித்து, கப்பலேற்றி, துறைமுகத்தில் இறக்கி, சுங்கம் முடித்து, லாரியில் உள்நாட்டுக் கிடங்குக்கும், அங்கிருந்து மையத்துக்கும் சேர்க்கவேண்டும். மாதங்கள் ஆகும். நைஜருக்குக் கடற்கரையே கிடையாது. 2023 ஜூலையில் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் பெனின் எல்லை மூடப்பட்டு, கொட்டனூ துறைமுகம் வழியாக வரவேண்டிய சரக்கு நடுவழியில் நின்றது. ஜூன் மழைக்கு முன் கிராமத்தில் சரக்கு இருக்கவேண்டுமானால் ஆர்டர் ஜனவரியில் போகவேண்டும், அதற்குப் பணம் ஜனவரியில் இருக்கவேண்டும். 2025 ஜனவரியில் பணத்தை நிறுத்தியவர்கள் ஜூலையின் இருப்பை நிறுத்தினார்கள். அமெரிக்காவில் ரோட் ஐலண்டில் உள்ள ஆலையில் கட்டிவைத்த பெட்டிகள் மாதக்கணக்கில் கிடங்கிலேயே அடுக்கிக் கிடந்தன. ஒப்பந்தத்தை ரத்துசெய்தார்கள், சில நாளில் ரத்தை ரத்துசெய்தார்கள், புது ஆர்டர் மட்டும் வரவில்லை.

2005இல் நைஜரில் இதையே வேறு விதமாகப் பார்த்தோம். 2004இல் வெட்டுக்கிளியும் வறட்சியும். அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே எச்சரிக்கை வந்துவிட்டது. பணம் வரவில்லை. சந்தை கெட்டுவிடும் என்று சொல்லி அரசும் கொடையாளர்களும் தானியத்தைச் சலுகை விலைக்கு விற்றார்கள். கையில் காசே இல்லாதவனுக்குச் சலுகை விலையும் ஒன்றுதான், முழு விலையும் ஒன்றுதான். ஜூலையில் தொலைக்காட்சிகளில் குழந்தைகளின் படம் ஓடிய பிறகு பணம் கொட்டியது, ஆகஸ்டில்தான் பரவலான இலவச விநியோகம் தொடங்கியது. முன்கூட்டியே செயல்பட்டிருந்தால் ஒரு குழந்தைக்கு நாளைக்கு ஒரு டாலரில் முடிந்திருக்கும், இப்போது 80 டாலர் ஆகிறது என்று ஐ.நா.வின் அவசர நிவாரண ஒருங்கிணைப்பாளராக இருந்த யான் எகெலாண்ட் அப்போது கணக்குச் சொன்னார். அந்த ஆண்டு எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பு மட்டும் அங்கே 60,000க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்தது. அதில் பெரும் கூட்டம் வந்தது மராடி பகுதியிலிருந்து. மராடி நைஜரின் பாலைவனம் இல்லை, களஞ்சியம். அங்கே விளையும் தானியம் கூடுதல் விலை தேடி எல்லை தாண்டி நைஜீரியச் சந்தைக்குப் போனது. நிலம் வெடித்த கவிதையை மராடியில் எங்கே பொருத்துவீர்கள்?

2011இல் சோமாலியா. எச்சரிக்கைகள் 2010 இறுதியிலிருந்தே வந்தன. பஞ்சம் என்று அதிகாரபூர்வமாக அறிவித்தது 2011 ஜூலை 20. சாவு உச்சத்தில் இருந்தது மே முதல் ஆகஸ்ட் வரை. 2010 அக்டோபர் முதல் 2012 ஏப்ரல் வரை இறந்தவர்கள் சுமார் 2,58,000, அதில் பாதிக்கு மேல் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். பஞ்சம் என்று அறிவிப்பதற்கே பத்தாயிரம் பேருக்கு நாளைக்கு இரண்டு சாவு என்ற வரம்பைத் தாண்டவேண்டும். அறிவிப்பு வந்த பிறகு எழுதும் கவிதை இரங்கற்பா.

இனி அந்தப் படம். அன்றைய சூடானில், இன்றைய தென் சூடானில், அயோட் என்ற இடத்தில் 1993 மார்ச்சில் கெவின் கார்ட்டர் எடுத்தது. குழந்தை குப்புறக் கிடக்க, பின்னால் கழுகு. நம் பசிக் கவிதைகளில் பாதி இந்தப் படத்துக்கு எழுதிய விளக்கவுரை. குழந்தையைக் கழுகு தின்றுவிட்டது, குற்ற உணர்வில் புகைப்படக்காரர் தற்கொலை செய்துகொண்டார் என்ற கதையும் கூடவே சுற்றுகிறது. படத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். குழந்தையின் வலது மணிக்கட்டில் ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கிறது. உணவு மையத்தில் பதிவு செய்தவர்களுக்குக் கட்டும் வளையம் அது. மையம் பக்கத்திலேயே இருந்தது. அந்தக் குழந்தை பிழைத்தது. சிறுமி என்று உலகமே எழுதியது, உண்மையில் சிறுவன். பல ஆண்டுகள் வாழ்ந்து பின்னர் காய்ச்சலில் இறந்ததாக 2011இல் ஸ்பெயின் நாளிதழ் ஒன்று அங்கேயே போய் விசாரித்து எழுதியது. அயோட்டுக்கு அந்த ஆண்டு பசியைக் கொண்டுவந்தது வானம் அல்ல. 1991இல், சூடான் அரசை எதிர்த்துப் போரிட்ட தெற்கின் விடுதலைப் படை இரண்டாக உடைந்து ஒருவர் மாட்டை ஒருவர் ஓட்டிச் சென்றதும், கிராமங்களை எரித்ததும், உதவி விமானங்கள் இறங்க கார்ட்டூம் அரசு அனுமதி மறுத்ததும்தான். கழுகு எல்லாக் கவிதையிலும் இருக்கிறது. வளையமும் விமான அனுமதியும் ஒன்றில்கூட இல்லை.

“கவிஞன் கணக்குப்பிள்ளையா?” என்று கேட்பீர்கள். நைஜீரியாவின் கென் சாரோ-விவா நாவலாசிரியர், தொலைக்காட்சித் தொடர் எழுதியவர். 1990இல், நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் ஒகோனி மக்களின் உரிமைச் சாசனத்தை முன்னெடுத்தபோது அவரும் மற்றவர்களும் எழுதியது கணக்குதான். ஒகோனி மண்ணில் எண்ணெய் எடுக்கத் தொடங்கியது 1958. முப்பது ஆண்டில் நைஜீரியா பெற்றது 3,000 கோடி டாலர் மதிப்பு. ஒகோனி மக்கள் பெற்றது ஒன்றுமில்லை: குழாய்நீர் இல்லை, மின்சாரம் இல்லை, வேலை இல்லை. இன்னாருக்கு, இன்ன தொகை, இன்ன கோரிக்கை என்று முகவரி எழுதிய எழுத்து அது. 1993 ஜனவரி 4 அன்று அதன் பின்னால் சுமார் மூன்று லட்சம் பேர் தெருவுக்கு வந்தார்கள். 1995 நவம்பர் 10 அன்று ராணுவ அரசு அவரையும் எட்டுப் பேரையும் தூக்கிலிட்டது. வானத்தைக் குறைசொல்லி எழுதியிருந்தால் அந்த அரசு அவரை மேடையேற்றியிருக்கும்.

உதவி என்பதே பிச்சை, அது தீர்வாகாது என்றும் உங்களில் சிலர் சொல்கிறீர்கள். சரி, அப்படியானால் கடனைப் பேசுங்கள். 1979இல் சாம்பியா டிராக்டரும் விவசாய இயந்திரங்களும் வாங்க ருமேனியாவிடம் ஒன்றரைக் கோடி டாலர் கடன்பட்டது. செம்பு விலை சரிந்து கட்ட முடியாமல் போனது. 1999இல் டொனகல் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் அந்தக் கடன் பத்திரத்தைச் சுமார் 33 லட்சம் டாலருக்கு வாங்கி, வட்டியோடு ஐந்தரைக் கோடி கேட்டு லண்டனில் வழக்குத் தொடுத்தது. 2007இல் உயர் நீதிமன்றம் சுமார் 1.55 கோடி கொடுக்கச் சொன்னது. பன்னாட்டுக் கடன் தள்ளுபடி கிடைத்ததால் 2006இல்தான் சாம்பியா கிராமப்புறச் சுகாதார நிலையங்களில் கட்டணத்தை ஒழித்திருந்தது. அந்தத் தள்ளுபடியில் மிச்சமான காசுக்குத்தான் குறி. இதை எதிர்த்து எழுந்த குரல் வானத்தைப் பார்த்துக் கத்தவில்லை, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கதவைத் தட்டியது. 2010இல் சட்டம் வந்தது. ஏழை நாடுகளின் பழைய கடனை வாங்கி முழுத் தொகைக்கு வழக்குப் போடும் வியாபாரம் அங்கே நின்றது.

ஆனால் அந்தச் சட்டம் பழைய கடனோடு நின்றுவிட்டது. சாம்பியா 2012, 2014, 2015இல் வெளியிட்ட 300 கோடி டாலர் கடன் பத்திரங்களுக்கு அது பொருந்தாது. 2020 நவம்பரில் சாம்பியா தவணை தவறியது. அதே மாதம் ஜி20 நாடுகள் ‘பொதுச் சட்டகம்’ என்ற கடன் மறுசீரமைப்பு முறையை அறிவித்தன. கடன் கொடுத்த அரசுகளோடு உடன்பாடு வர 2023 ஜூன் ஆனது. பத்திரங்களை வாங்கிய தனியாரோடு எட்டிய முதல் உடன்பாட்டை, தங்களைவிட அவர்களுக்குக் கூடுதல் சாதகம் என்று கடன் கொடுத்த அரசுகளின் குழு 2023 நவம்பரில் தள்ளிவிட்டது. கடைசியில் முடிந்தது 2024 ஜூன். மூன்றரை ஆண்டு. நடுவில், 2024 பிப்ரவரி 29 அன்று, வறட்சியைத் தேசியப் பேரிடராக சாம்பியா அறிவிக்கவேண்டியிருந்தது. பயிரிட்ட 22 லட்சம் ஹெக்டேர் மக்காச்சோளத்தில் சுமார் 10 லட்சம் கருகியது. முக்கால் பங்குப் பத்திரம் வைத்திருப்பவர்கள் ஒப்பினாலொழிய நிபந்தனையை மாற்ற முடியாது என்பது இத்தகைய பத்திரங்களின் வழக்கமான விதி. அதாவது கால் பங்குக்குக் கொஞ்சம் மேல் வாங்கி வைத்துக்கொண்டு ஒருவர் எல்லாரையும் காக்கவைக்கலாம். இலங்கை வாசகர்களுக்கு 2022க்குப் பிறகு இதை விளக்கவேண்டியதில்லை.

இன்னொன்று, சிறியது: “நாளுக்கு ஒரு டாலர்” என்று எழுதுவதை விடுங்கள். அது 1990இன் கோடு. 2025 ஜூனிலிருந்து உலக வங்கியின் கோடு மூன்று டாலர். அதுவும் நாணய மாற்று விலையில் அல்ல, அந்தப் பணத்துக்கு உள்ளூரில் எவ்வளவு வாங்க முடியும் என்ற கணக்கில்.

எங்கள் கோரிக்கைகளுக்கு வருகிறோம்.

கவியரங்கை அக்டோபரிலிருந்து தைக்கு மாற்றுங்கள். பசைக்கு ஆர்டர் போகும் மாதம் அது. பிப்ரவரி 1 அன்று இந்திய பட்ஜெட் வருகிறது. அதில் வெளியுறவு அமைச்சகத்தின் கீழ் ஆப்பிரிக்க நாடுகளுக்கான உதவி என்று தனி வரி உண்டு, 2025-26இல் 225 கோடி ரூபாய். பிப்ரவரி கடைசியில் ஜி20 நிதி அமைச்சர்கள் கூடுவது வழக்கம்: 2023இல் பெங்களூரு, 2024இல் சாவோ பாவ்லோ, 2025இல் கேப் டவுன். ஆப்பிரிக்க ஒன்றியத்தை 2023இல் ஜி20க்குள் சேர்த்தது இந்தியா தலைமை வகித்த டெல்லி மாநாடு. அந்தப் பெருமையைச் சொல்லிக்கொள்ளும் அரசிடம் பேச உங்களுக்கு உரிமை இருக்கிறது. அக்டோபரிலும் உலக வங்கி, பன்னாட்டு நிதியத்தின் ஆண்டுக் கூட்டம் நடக்கிறது என்பீர்கள். நடக்கட்டும், அங்கேயும் எழுதுங்கள். தையை மட்டும் விடாதீர்கள்.

கூட்டத்தின் முடிவில் ஒரு மனு கையெழுத்தாகட்டும், இந்திய நிதியமைச்சருக்கு. மூன்றே கேள்விகள் போதும். அந்த 225 கோடி கூடுமா, கூடும் தொகையில் இந்திய ஆலைகளில் தயாராகும் கடலைப் பசை ஜூனுக்கு முன் சாகேல் போய்ச் சேருமா? கடன் மறுசீரமைப்புக்கு விண்ணப்பித்த நாள் முதல் உடன்பாடு வரும்வரை தவணையை நிறுத்திவைக்கும் விதியை ஜி20இல் இந்தியா கேட்குமா? அரசுகள் விட்டுக்கொடுக்கும் அளவுக்குத் தனியார் பத்திரக்காரர்களும் விட்டுக்கொடுக்கவேண்டும் என்பதற்குக் காலக்கெடு வைக்கச் சொல்லுமா?

லண்டனிலும் நியூயார்க்கிலும் வாழும் தமிழ் எழுத்தாளர்களுக்குத் தனியாக: ஆப்பிரிக்க அரசுகளின் பன்னாட்டுப் பத்திரங்கள் ஏறக்குறைய எல்லாமே உங்கள் ஊர்ச் சட்டங்களின் கீழ் எழுதப்பட்டவை. 2010 சட்டத்தைப் புதிய பத்திரங்களுக்கும் விரிவாக்கக் கேட்டு உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதுங்கள். நியூயார்க் சட்டமன்றத்தில் இது தொடர்பான மசோதாக்கள் வருவதும் நிறைவேறாமல் போவதுமாக இருக்கின்றன; அங்கே அமர்வு ஜனவரியில் தொடங்கி ஜூனில் முடிகிறது.

இதழாசிரியர்களுக்கு: இடம், ஆண்டு, காரணம், பிறகு அந்தக் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்ற நான்கும் தெரியாத படத்தை அட்டையில் போடாதீர்கள். பசிக் கவிதை ஒன்று வெளியிட்டால் அடுத்த பக்கத்தில் அரைப் பக்கம் ஒதுக்கி, எந்த நாடு, எந்த மாதம், யார் எடுத்த எந்த முடிவு என்று போடுங்கள். மொழிபெயர்ப்பாளர்கள் ஒகோனி உரிமைச் சாசனத்தையும், டிசம்பரில் வரும் சாகேல் கணிப்பின் சுருக்கத்தையும் தமிழாக்கித் தாருங்கள். கணிப்புச் சுருக்கம் சில பக்கம்தான்.

எண்களும் அட்டவணையும் மனுவின் வரைவும் எங்கள் பொறுப்பு. கூட்டத்துக்கான இடமும் தேதியும் உங்கள் பொறுப்பு. மார்கழி முடிவதற்குள் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்களை வாசிப்பவர்கள்